வட்டத்துக்குள் ஒரு வாய்

ஸ்டூடியோவில் அவளுக்குக் கிளி என்று பெயர். ஒரு தடவை காதில் விழுந்ததை மூச்சு, இருமல், விக்கல் உட்பட அப்படியே திருப்பிச் சொல்வாள் என்பதால் யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. கதாநாயகியின் தங்கை, வில்லனின் மனைவி, ஆஸ்பத்திரி நர்ஸ், தீப்பிடித்த வீட்டிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவருகிறவள், பற்பசை விளம்பரத்தில் சிரிக்கிறவள் என்று யார் யாருக்கோ குரல் கொடுத்துக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் போனில் படம் பார்த்து, அதில் வரும் அவள் குரலைக் கேட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கொஞ்சம் நகர்ந்து உட்காரும்மா என்று அவளையே நெட்டுவாள். அதில் கிளிக்குக் குறை ஒன்றும் கிடையாது. முகத்தை வைத்துப் பிழைக்கிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் குரலை வைத்துப் பிழைப்பது எவ்வளவோ மேல் என்பது அவள் கட்சி.

தேர்தல் பிரசாரத்தைப் பற்றிய டாகுமெண்டரிக்குக் குரல் வேண்டும் என்று கூப்பிட்டபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. டாகுமெண்டரி என்றால் நடந்ததை நடந்தபடி எடுத்துக் காட்டுவது. நடந்ததற்கு எதற்கு டப்பிங்? மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இயக்குநரிடமே கேட்டுவிட்டாள். இயக்குநர் வயதில் சின்னவர். போன படத்துக்கு எங்கோ தூரதேசத்தில் விருது வாங்கியதிலிருந்து ஆளைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு, ஆளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துப் பேசப் பழகியிருந்தார். ஒரு வேட்பாளரின் பின்னாலேயே பிரசாரம் முழுக்க அலைந்து எடுத்த படம் இது, மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து சில இடங்களில் ஜனங்களின் பேச்சைத் தின்றுவிட்டன, அந்த இடங்களுக்கு மட்டும்தான் குரல் தேவை என்று சுவரிடம் விளக்கினார்.

"அவங்க சொன்னதையேதான் நீங்க திருப்பிச் சொல்றீங்க மேடம். ஒரு வார்த்தை மாத்தலை."

இந்த வார்த்தையை நம்பித்தான் அவள் மைக் முன்னால் போய் நின்றாள். நம்பியது அவள் தப்பா என்று பின்னால் நிறையப் பேர் கேட்டார்கள். தண்ணீர் என்று சொல்லி ஒருவர் டம்ளரை நீட்டினால் மோந்து பார்த்துவிட்டா குடிக்கிறோம்?

படம் வெளியே கசிந்துவிடக் கூடாது என்று, டப்பிங்குக்கு அனுப்பும் படத்தை முழுக்கக் கறுப்படித்து, பேசுகிறவரின் வாய் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வட்டம் விட்டு அனுப்புவது இப்போது பழக்கமாகியிருக்கிறது. பெரிய நடிகர்களின் படத்துக்கு அப்படிச் செய்வார்கள். இந்த டாகுமெண்டரிக்கும் செய்திருந்தார்கள். தேர்தல் சமாச்சாரம், முன்னாடியே வெளியே போனால் வம்பு என்று காரணம் சொன்னார்கள். எந்த வேட்பாளர், எந்தத் தெரு என்று கிளி கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அந்தத் தொழிலில் இல்லை. இருட்டில் ஒரு வாய் வரும், அதற்குப் பேச வேண்டும், அடுத்த வாய் வரும்.

அன்றைக்கும் வரிசையாக வந்தன. கடைக்கார அம்மாள் ஒருத்தியின் வாய், கல்லூரி மாணவியின் வாய், பல்லில்லாத ஒரு கிழவாய். எல்லாம் சட்சட்டென்று முடிந்தது. கடைசியாக ஓர் அழுகிற வாய் வந்தது. உதடு காய்ந்து வெடித்து நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கொடுத்திருந்த வசனம் இதுதான்: "ஐயா, போனது போகட்டும். நீங்க வந்து நின்னதே போதும். எங்களுக்கு இனிமே நீங்கதான்."

கிளி இரண்டு தடவை பேசிப் பார்த்தாள். ஒட்டவில்லை. வசனம் தீர்ந்த பிறகும் அந்த வாய் பேசிக்கொண்டே இருந்தது. இந்த அம்மா வேறு ஏதோ சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று மைக்கிலேயே கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர், அழுகையில் வாய் கோணத்தானே செய்யும், மிச்ச இடத்தை விசும்பலால் நிரப்புங்கள் என்றார். அப்படிச் சொன்னால் கிளிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒட்டாத வாயை ஒட்டவைப்பதில்தான் அவள் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது. "போனது" என்பதற்கு முன்னால் ஒரு மூச்சை இழுத்தாள். "போகட்டும்" என்பதை இரண்டாக உடைத்து நடுவில் ஒரு விக்கலைச் சொருகினாள். வசனம் முடிந்த இடத்திலிருந்து ஒரு கேவலை நீட்டி, அந்த வாய் மூடும்வரை கொண்டுபோய் நிறுத்தினாள். தையல் போட்ட இடமே தெரியவில்லை. இயக்குநர் சுவரை விட்டு முதல் தடவையாக அவளைப் பார்த்தார், கையைக்கூடத் தட்டினார். காது என்று எல்லாரும் கூப்பிடும் சவுண்ட் இன்ஜினியர் மட்டும் தட்டவில்லை. அவர் குனிந்து ஏதோ ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வீட்டில் அண்ணி, அண்ணியின் ஏழு வயது மகள், கிளி என்று மூன்று பேர். அண்ணன் இருந்தவரை நான்கு பேர். அண்ணன் ஒயர்மேன். நகரசபை கட்டிக்கொண்டிருந்த புது மார்க்கெட்டில் விளக்குகளுக்குப் பைப் இழுத்துக்கொண்டிருந்தபோது கூரை மொத்தமாக இறங்கிவிட்டது. அவனோடு வேலை பார்த்தவர்களும் போய்விட்டார்கள். புதுக் கான்கிரீட் கூரைக்கு அடியில் பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்கி நிற்கிற சென்ட்ரிங்கை, கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே பிரித்துவிட்டார்கள். ஏன் பிரித்தார்கள் என்றால், திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. குறித்தவர் அப்போது நகரசபைத் தலைவராக இருந்தவர். கான்ட்ராக்டர் தலைமறைவானான், தலைவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து மலர்வளையம் வைத்தார், அதோடு ஊரார் வாயை மூடிவிடலாம் என்று பார்த்தார்கள்.

மூடவிடாமல் மல்லுக்கு நின்றவள் அண்ணி. மருந்துக் கடையில் பில் போடுகிறவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். தொண்டை பிறவியிலேயே கரகரப்பு, ஜலதோஷம் பிடித்த மாதிரிதான் எப்போதும் இருக்கும். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு, செத்தவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பேசி, எல்லாக் குடும்பங்களையும் ஒன்றுசேர்த்து, தேதி குறித்தவரையும் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். அதே தலைவர் பெரிய தேர்தலில் வேட்பாளராக நின்று அவர்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோது வண்டிக்கு முன்னால் போய் நின்றவளும் அவள்தான். கிளி அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து, என்ன அண்ணி பேசினீங்க என்று கேட்டதற்கு, கேட்க வேண்டியதைக் கேட்டேன் என்பதோடு அண்ணி நிறுத்திக்கொண்டாள்.

அவர் ஜெயித்துவிட்டார். விசாரணை வைப்பதா வேண்டாமா என்பது இனி அவருடைய ஆட்களே முடிவு செய்கிற விஷயமாகிவிட்டது. குடும்பங்கள் எல்லாம் ஒரே வார்த்தையாக நின்று நெருக்கினால் வைப்பார்கள். ஒருவர் பிசகினாலும் அதையே சாக்காக வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். இதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பிடித்துவைத்திருந்தவளும் அண்ணிதான்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாகுமெண்டரியின் ட்ரெய்லர் வெளிவந்தது. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள், கிளி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை போனைத் தூக்கிக்கொண்டு, அம்மா படத்துல வருது என்று ஓடிவந்தது. மூன்று தலைகளும் போன் மேல் குனிந்தன. வேட்பாளர் பிரசார வண்டியிலிருந்து இறங்குகிறார். கூட்டம் விலகுகிறது. அழுதுகொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் இரண்டு கைகளையும் அவர் சேர்த்துப் பிடிக்கிறார். பின்னால் புல்லாங்குழல். அண்ணியின் முகம் திரை முழுக்க வருகிறது, வாய் திறக்கிறது. "ஐயா, போனது போகட்டும்."

குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தது, பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தது.

"அத்தை, அம்மா வாயில நீ பேசுறே."

கத்தி கிளியின் கையிலேயே இருந்தது. ஒரு வாயை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா, அதுவும் தினமும் பார்க்கிற அண்ணியின் வாயை, என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வீட்டுப் போட்டோ ஒன்றை எடுத்து, உதட்டைத் தவிர மற்றதையெல்லாம் கையால் மறைத்துப் பார்த்துவிட்டு வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம். எனக்குத் தெரியாது அண்ணி, வட்டம் மட்டும்தான் காட்டினார்கள், ஒரு வார்த்தை மாற்றவில்லை என்று சொன்னார்கள் என்று கிளி உளறிக் கொட்டினாள். அண்ணி ட்ரெய்லரை மறுபடியும் ஓடவிட்டு, கடைசிக் கேவல்வரை கேட்டாள். கிளி அவ்வளவு பெருமையாக இழுத்த அந்தக் கேவல் அடுப்படியில் நாராசமாக இருந்தது.

"அந்தாளு கையைப் பிடிச்சு என் வாயை அடைக்கப் பார்த்தாரு. அவரால முடியலை. நீ முடிச்சுக் குடுத்துட்டே."

சொல்லிவிட்டு அண்ணி மிச்சத் துணியை மடித்து அலமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து கிளியிடம் நேரே பேசுவதை விட்டுவிட்டாள். அத்தைகிட்ட சாவி எங்கேன்னு கேளு, அத்தையைச் சாப்பிடச் சொல்லு என்று எல்லாம் குழந்தை மூலமாகத்தான். ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிறவளுக்கு வீட்டில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

வெளியே நடந்தது இன்னும் மோசம். வெல்டர் பையனைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் மருந்துக் கடைக்கு வந்தார். மருந்து எதுவும் கேட்காமல் கவுண்டருக்கு முன்னால் நின்றுவிட்டு, மன்னிச்சுட்டேன்னா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா என்றார். என் குரலே இல்லை அது, அதில் பேசுவது என் நாத்தனார் என்று அண்ணி சொன்னதும் விஷயம் கெட்டது. அப்படியா, குடும்பமாகவே சேர்ந்து செய்தீர்களா என்று அவர் கேட்டுவிட்டுப் போனார். முகம் உன் முகம், கண்ணீர் உன் கண்ணீர், குரல் உன் வீட்டுக் குரல், அப்புறம் என்ன இல்லை என்கிறாய் என்றார்கள் மற்றவர்கள். அடுத்த வாரமே இரண்டு குடும்பங்கள், எங்களை விட்டுவிடுங்கள், நாங்களும் மன்னித்துவிடுகிறோம் என்று ஒதுங்கிக்கொண்டன. கண்ணால் பார்த்ததை எந்த வாயால் மறுப்பது? அண்ணி கவுண்டரில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பில்லைப் போட்டதாகக் கடை முதலாளி கிளியிடம் சொன்னார்.

கிளி நேரே இயக்குநரின் எடிட்டிங் அறைக்குப் போனாள். திரைச்சீலை இழுத்து மூடி, ஏ.சி. நடுக்குகிற ஓர் அறை. சுவர் முழுக்கக் கலர் கலராகத் துண்டுச் சீட்டுகள், காட்சிக்கு ஒன்று. "திமிர்", "கூட்டம்", "தனிமை", "மன்னிப்பு", "வெற்றி". அவள் அண்ணனின் சாவுக்கும் அங்கே ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. "விபத்து" என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பெண் யார் என்பதை அவள் சொன்னதும் இயக்குநருக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது உண்மைதான். ஆனால் உடனே சமாளித்துக்கொண்டு சுவருக்குத் திரும்பிவிட்டார். தான் யாரிடமும் கை நீட்டவில்லை, இது பிரசாரப் படமும் இல்லை, திமிர் பிடித்த ஒரு மனிதன் ஜனங்களின் நடுவில் நடந்து நடந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பற்றிய படம் என்றார். அந்த அம்மாவின் கண்ணீர் நிஜம், அவர் கையைப் பிடித்தது நிஜம், தான் செய்ததெல்லாம் அந்த நிஜத்தைத் தெளிவாக்கியது மட்டும்தான் என்றார். அப்புறம் மன்னிப்புச் சீட்டின் மேல் விரலை வைத்தார்.

"கதைக்கு இந்த இடத்துல ஒரு மன்னிப்பு தேவைப்பட்டுச்சு மேடம்."

"தேவைப்பட்டா நீங்க மன்னிச்சிருக்கணும் சார். செத்தது எங்க அண்ணன். மன்னிக்கிறதும் மன்னிக்காததும் எங்க அண்ணி பாடு."

அந்த இடத்தை வெட்டிவிடுங்கள் என்றாள். படம் முடிந்துவிட்டது, இனி ஒரு ஃபிரேமைக்கூட நகர்த்த முடியாது என்றார். முகத்தையாவது மங்கலாக்குங்கள் என்றாள். அந்த முகத்துக்காகத்தானே அந்தக் காட்சி என்றார். கடைசியில், தனக்கும் மனசு உண்டு என்று காட்டுவதற்காகவோ என்னவோ, அவள் பெயரைப் படத்தின் முடிவில் பெரிய எழுத்தில் போடுவதாகவும், அந்த ஒரு காட்சிக்கே அவளுக்குக் குரல் விருது கிடைக்கும் என்றும் சொன்னார். சிறப்புக் காட்சிக்கு இரண்டு பேர் வரலாம் என்று ஓர் அழைப்பு அட்டையையும் எடுத்து நீட்டினார். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பெரிய திரையில் பார்த்தால் அவர்களுக்கே புரியும் என்றார். கிளிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்கிறவனாவது தான் சொல்வது பொய் என்று தெரிந்து சொல்கிறான். இந்த மனிதர் உண்மையை இன்னும் கொஞ்சம் உண்மையாக்கியிருக்கிறாராம். அட்டையை அங்கேயே கிழித்துப் போடத்தான் கை பரபரத்தது. ஏதோ நினைத்துக்கொண்டு பையில் போட்டுக்கொண்டாள்.

படியிறங்கும்போது பக்கத்து அறையிலிருந்து காது கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ஹெட்போனை எடுத்து அவள் தலையில் மாட்டினார். திரையில் அதே காட்சி, கறுப்பு இல்லாமல், வட்டம் இல்லாமல், அன்றைக்குக் கேமரா பிடித்த அசல் சத்தத்தோடு. மேளம் இருந்தது, ஆனால் தூரத்தில். அண்ணியின் குரல் ஒன்றும் வீணாகியிருக்கவில்லை. கரகரவென்று, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக விழுந்தது.

"கையை விடுங்க. கூரை இன்னும் ஈரமா இருக்குன்னு அவர் வீட்டுல வந்து சொன்னாரு. விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு, பிரிச்சே ஆகணும்னு உங்க ஆளுங்க நின்னாங்க. நான் குறிச்ச தேதிதான்னு இத்தனை பேர் முன்னாடி ஒரு தடவை சொல்லுங்க. சொல்லிட்டு ஓட்டுக் கேளுங்க."

கிளி மறுபடியும் போடச் சொன்னாள். அதற்கு மேலும் போடச் சொன்னாள். காது மறுக்காமல் போட்டுக்கொண்டே இருந்தார். இதன் நகல் ஒன்று கொடுங்கள் என்று கேட்டபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தச் சத்தத்தை அவர்தான் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தவர், இயக்குநர் கேட்டுவிட்டு, இது வேண்டாம் என்று தள்ளியதையும் பார்த்துக்கொண்டு இருந்தவர். வெளியே போனால் தன்மேல்தான் வரும், குடும்பம் இருக்கிறது, காட்டியதாகக்கூட யாரிடமும் சொல்லிவிடாதே என்றார்.

"உங்களுக்குக் காதுன்னு பேர் வச்சவங்க சரியாத்தான் வச்சிருக்காங்க அண்ணே. வாய்னு வைக்கலை பாருங்க."

காது திரைப் பக்கம் திரும்பினார். இன்னொரு தடவை ஓடவிட்டார். அதற்குள் அண்ணியின் பேச்சு மூச்சு பிசகாமல் கிளிக்குள் ஏறிவிட்டிருந்தது.

வீட்டுக்குப் போனபோது அண்ணி அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள், திரும்பவில்லை. கிளி செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று, கையை விடுங்க என்று ஆரம்பித்துக் கடைசிவரை சொன்னாள். அண்ணியின் கரகரப்பை அவள் நடித்துக் காட்டவில்லை, தன் குரலிலேயே சொன்னாள். கூரை ஈரமாக இருப்பதாக அண்ணன் சொன்ன இடம் வந்தபோது அண்ணி அடுப்பை அணைத்தாள். கிளிக்கு அது புதுச் செய்தி. அந்த வாரம் முழுக்க அவள் வேலை வேலை என்று அலைந்ததில் அண்ணனோடு உட்கார்ந்து பேசவே இல்லை. முடிந்ததும் அண்ணி திரும்பி, பல நாள் கழித்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். படம் எங்கே காட்டுகிறார்கள் என்று கேட்டாள். கிளி அட்டையைக் காட்டினாள். அங்கே போய் எழுந்து நின்று பேசப்போகிறேன், அதோடு என் தொழில் போய்விடும், போகட்டும் என்றாள்.

"தனியாப் போகாதே. நானும் வரேன்."

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசை நடுவில், இப்போது மந்திரியாகப்போகிறார் என்று பேசப்படும் அந்த வேட்பாளர். அவரைச் சுற்றி அவருடைய ஆட்கள். பக்கவாட்டில் பத்திரிகைக்காரர்கள் கேமராவும் மைக்குமாக. இயக்குநர் மேடையேறி, நிஜத்தைத் தேடிப் போன பயணம் என்று ஏதோ பேசினார், கைதட்டினார்கள். அண்ணி மருந்துக் கடைக்குப் போகிற அதே சேலையில் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிளி. விளக்கு அணைந்தது. படம் நன்றாகத்தான் எடுத்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் வயிறு இன்னும் எரிந்தது. இடிந்த மார்க்கெட் வந்தது, மழையில் நனைந்தபடி, பார்க்கவே அழகாக. அண்ணி அந்த நேரம் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புல்லாங்குழல் ஆரம்பித்தது. கூட்டம் விலகியது. கிளி எழுந்து நின்றாள். திரையில் அண்ணியின் வாய் திறந்த அதே நொடியில் அவளும் வாயைத் திறந்தாள்.

"ஐயா, போனது போகட்டும்."

ஸ்பீக்கரில் ஒரு குரல், நடுவரிசையில் ஒரு குரல், இரண்டும் ஒரே குரல். அதே இடத்தில் மூச்சு, அதே இடத்தில் விக்கல். பக்கத்து வரிசைகள் திரும்பின. நீங்க வந்து நின்னதே போதும் என்பதற்குள் பாதி அரங்கம் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. எங்களுக்கு இனிமே நீங்கதான் என்று வரும்போது முன்வரிசையிலும் கழுத்துகள் திரும்பிவிட்டன. திரையில் அந்தக் கேவல் நீண்டுகொண்டிருந்தது. கிளி அதைச் செய்யவில்லை. வயிற்றிலிருந்து குரலை எடுத்து, மைக் இல்லாமல் கடைசிச் சுவர்வரை கேட்கும்படி பேசினாள்.

"இது என் குரல். எழுதிக் குடுத்தாங்க, பேசினேன். அதுல இருக்கிற முகம் எங்க அண்ணியோடது. அவங்க அன்னைக்குக் கேட்டது வேற. அந்தச் சத்தம் உங்ககிட்ட பத்திரமா இருக்கு டைரக்டர் சார், போடுங்க."

இயக்குநர் எழுந்து படம் ஓட்டுகிறவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். திரை உறைந்தது, விளக்குகள் எரிந்தன. அவசரத்தில் நிறுத்தியதில் அண்ணியின் அழுத முகம் மேலேயே, சுவரளவுக்கு நின்றுவிட்டது. அதற்கு நேர் எதிரே, அதே முகத்தோடு, அண்ணி மெதுவாக எழுந்தாள். அரங்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. இரண்டு ஆட்கள் அவளை நோக்கி வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அவர்களுக்கு முன்னால் புகுந்தார்கள்.

வேட்பாளர் அனுபவசாலி. கேமராக்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பார்த்தார், ஆட்களைக் கையமர்த்தினார், எழுந்து வந்தார். முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு, வாம்மா, என்ன குறை இருந்தாலும் நாம் உட்கார்ந்து பேசலாம் என்று இரண்டு கைகளையும் நீட்டினார். சற்று முன்னால் திரையில் பிடித்த அதே மாதிரி. பளிச் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது.

அண்ணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.  பின்னால் நின்ற கிளி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி உதறவில்லை.

"உட்கார்ந்து பேச ஒண்ணும் இல்லை. திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சது யாரு? அதை மட்டும் சொல்லுங்க. இன்னைக்கு மேளம் இல்லை."

ஸ்பீக்கரில் கேட்ட குரலுக்கும் இந்தத் தொண்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. யாரோ ஒரு நிருபர் எட்டி, மைக்கை வேட்பாளரின் வாய்க்கு நேரே பிடித்தார். இன்னொரு மைக் வந்தது. நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்பாளரின் வாய் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தது. 

"சொல்லுங்க" என்றாள் அண்ணி.